பிளவு மூங்கில் தூண்டிற்கோலும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்: கைவினை அறிவின் இழப்பும் மீட்பும்

ஆய்வுச் சுருக்கம்

பிளவு மூங்கில் தூண்டிற்கோலும் இரட்டைக்குழல் துப்பாக்கியும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தம் முழு வடிவத்தை எட்டிய கைவினைப் பொருள்கள் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விரண்டையும் ஆலை உற்பத்திப் பொருள்கள் பின்தள்ளின. எனினும் இவற்றின் பிற்கால வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. மூங்கில் கோலை முழுமையாகப் புதிதாகச் செய்யும் தனிமனிதர்கள் மீண்டும் தோன்றினர். இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பொறுத்தவரை, தனிமனிதரின் பணி பெரும்பாலும் பழையதைச் சீரமைப்பதோடு நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டுக்குத் தொழிலின் உழைப்பு அமைப்பு, அறிவை எழுத்தில் வடிக்கும் வாய்ப்பு, சட்டக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் காரணங்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சீரமைப்புப் பணி, பெயர் மறைந்த தொழிலாளர்களை அறிய உதவும் வரலாற்றுச் சான்றாகவும் அமைவதை இது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பிளவு மூங்கில், தூண்டிற்கோல், இரட்டைக்குழல் துப்பாக்கி, டமாஸ்கஸ் குழல், கைவினை வரலாறு, சீரமைப்பு.

முன்னுரை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஈஸ்டன் நகரில் சாமுவேல் பிலிப் (1801–1877) என்னும் துப்பாக்கிக் கைவினைஞர் வாழ்ந்தார். இவர் வயலின் செய்வதிலும் தேர்ந்தவர். 1840களின் நடுப்பகுதியில் இவர் மூங்கிலைப் பிளந்து, இழைத்து, மீண்டும் ஒட்டித் தூண்டிற்கோல் செய்யத் தொடங்கினார். பிளந்த மூங்கிலைக் கோலின் நுனிப்பகுதிக்குப் பயன்படுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தது. ஆயினும் அமெரிக்கப் பிளவு மூங்கில் கோலின் வரலாறு பொதுவாகப் பிலிப்பிடமிருந்தே தொடங்கப்படுகிறது. 1881இல் வெளிவந்த ஜேம்ஸ் ஹென்ஷலின் நூல் இவருக்கு அந்த இடத்தை உறுதிப்படுத்த முயன்றது.

துப்பாக்கியும் தூண்டிற்கோலும் ஒரே மனிதரின் பட்டறையில் சந்தித்தது தற்செயலன்று. இரும்பை அரத்தால் அராவிப் பொருத்துவதும், மரத்தை இழைப்புளியால் இழைத்து இணைப்பதும், மயிரிழை அளவு வேறுபாட்டையும் விரல் நுனியால் உணர்வதும் இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான திறன்கள் ஆகும். பிலிப்புக்குப் பின் இத்தொழிலை நிலைநிறுத்திய ஹிராம் லூயிஸ் லெனார்டும் (1831–1907) துப்பாக்கி வேலை அறிந்தவரே.

ஒரே வகைக் கைத்திறனில் வேர்கொண்ட இவ்விரு தொழில்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நலிந்தன. பின்னர் அவை வெவ்வேறு வகையில் மறுவாழ்வு பெற்றன. ஒரு கைவினை மறைந்தபின் எது அதை மீட்கிறது, எது மீட்க இயலாமற் செய்கிறது என்னும் வினாவுக்கு இந்த இணை ஒரு நல்ல களமாகும். இக்கட்டுரை அமெரிக்காவையும் பிரிட்டனையும் முதன்மைக் களங்களாகக் கொண்டு இவ்வினாவை அணுகுகிறது.

1. மூங்கிலின் வழி: கல்கத்தாவும் டொங்கினும்

இக்கட்டுரையில் தூண்டிற்கோல் எனப்படுவது, இறகும் நூலும் கொண்டு பூச்சிபோலக் கட்டப்பட்ட செயற்கை ஈயை வீசி மீன்பிடிக்கும் கோலைக் குறிக்கும். செயற்கை ஈக்கு எடை இல்லை. எனவே கனமான கயிறே அதை எடுத்துச் செல்ல வேண்டும். அக்கயிற்றை முன்னும் பின்னும் வீசும் வலிமை கோலின் வளைவிலிருந்து பிறக்க வேண்டும். மெல்லியதாகவும் வளைந்து நிமிரக்கூடியதாகவும் உள்ள கோலே இதற்கு ஏற்றது. இதற்குத் தொடக்கத்தில் ஹிக்கரி, லான்ஸ்வுட், கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் முதலிய மரங்கள் பயன்பட்டன. அவை உறுதியானவை, ஆனால் எடை மிகுந்தவை.

மூங்கிலின் சிறப்பு அதன் புறப்பகுதியில் உள்ளது. தோலை ஒட்டிய சிறு தடிப்பில் நார்கள் மிக நெருங்கி அமைந்துள்ளன. உள்ளே செல்லச் செல்ல அவை தளர்கின்றன. மூங்கிலைப் பிளந்து, உட்சதையை நீக்கி, முக்கோண வடிவில் இழைத்த ஆறு கீற்றுகளைத் தோல் வெளிப்புறம் அமையுமாறு ஒட்டினால், அறுகோண வடிவில் உறுதியான கோல் கிடைக்கிறது. இயற்கை உட்கூடாகப் படைத்த தண்டை, உட்செறிந்த கோலாக மாற்றும் நுட்பமே பிளவு மூங்கில் தொழிலின் அடிப்படை.

தொடக்ககால அமெரிக்கக் கோல்கள் 'கல்கத்தா மூங்கில்' எனப்பட்ட இந்திய மூங்கிலால் செய்யப்பட்டன. இது தமிழில் கல்மூங்கில் எனப்படும் இனம் எனப் பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. கல்கத்தா என்பது மூங்கில் கப்பலேறிய துறைமுகத்தின் பெயரேயன்றி, அது விளைந்த காட்டின் பெயரன்று. இம்மூங்கிற் கழிகள் பலவற்றின் மேல் நெருப்பால் சுட்ட தழும்புகள் இருந்தன. கோல் செய்வோர் அத்தழும்புகளை விலக்கியே கீற்றுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அத்தழும்பு கல்கத்தா மூங்கிலின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. இன்றும் மிகப் பழைய கோல் ஒன்றின் காலத்தைக் கணிக்க அது ஒரு சான்றாக உதவுகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தை 'டொங்கின் மூங்கில்' பிடித்தது. நேரான தண்டும், அதிகம் புடைக்காத கணுக்களும், தடித்த நார் அடுக்கும் இதற்குக் காரணங்கள். இப்பெயரும் பிழையானதே. டொங்கின் என்பது வட வியட்நாம். மூங்கிலோ தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சுயி ஆற்றின் கரையோர மலைகளில் விளைவது. காண்டனில் இருந்த லிங்னான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃப்ளாய்ட் அலோன்சோ மெக்ளூர் 1931இல்தான் இதை அறிவியல் முறைப்படி விவரித்து, 'அருண்டினேரியா அமாபிலிஸ்' எனப் பெயரிட்டார். அமாபிலிஸ் என்னும் இலத்தீன் சொல் 'விரும்பத்தக்கது' என்று பொருள்படும். உலகின் சிறந்த கோல்கள் பல ஆண்டுகளாக இம்மூங்கிலால் செய்யப்பட்டு வந்த பின்னரே அதற்குரிய தாவரவியற் பெயர் கிடைத்தது என்பது கருதத்தக்கது.

2. பூட்டிய அறையும் திறந்த நூலும்

ஆறு கீற்றுகளும் 60 பாகைக் கோணத்தில், அடியிலிருந்து நுனிவரை சீராக மெலிந்து செல்லுமாறு அமைய வேண்டும். கோலின் ஓரிடத்தில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தடிப்பு 0.200 அங்குலம் எனில், அவ்விடத்தில் ஒவ்வொரு கீற்றின் உயரமும் 0.100 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குகள் மாறினாலும் கோலின் இயல்பு மாறிவிடும்.

மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் தொழில் தொடங்கிய லெனார்ட், 1870களில் இக்கீற்றுகளைச் சரிவாக அறுக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1881இல் தொழிலை நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலிக்கு மாற்றினார். அவ்வியந்திரம் பூட்டிய அறையில் வைத்துக் காக்கப்பட்டது என்பது இத்தொழிலின் வரலாற்றில் தொடர்ந்து கூறப்படும் செய்தி. அவரிடம் பணியாற்றிய யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ், ஃப்ரெட் தாமஸ், எட்வர்ட் பெய்ன் முதலியோர் பின்னர் பிரிந்து சென்று தத்தம் பெயரில் புகழ்பெற்றனர். ஒரு பட்டறையின் இரகசியம், அங்குப் பயின்ற கைகளின் வழியாகவே வெளியேறியது.

இச்செய்தியை மட்டும் கொண்டு, மூங்கில் கோல் தொழில் முழுவதும் மறைபொருளாக இருந்தது என முடிவு செய்வது பொருந்தாது. ஹென்றி வெல்ஸ் 1885இல் வெளியிட்ட நூலிலேயே கோல் செய்யும் முறை விளக்கப்பட்டுள்ளது. பெர்ரி ஃப்ரேசரின் நூல் 1914இலும், ஜார்ஜ் பார்க்கர் ஹோல்டனின் நூல் 1920இலும், கிளாட் கிரைடரின் நூல் 1951இலும் வெளிவந்தன. இவை தொழிற்கூடத்தாருக்காக அன்றி, தாமே கோல் செய்ய விரும்பும் பொதுமக்களுக்காக எழுதப்பட்டவை. எனவே மறைவாக இருந்தது இயந்திரமே. கை இழைப்புளியின் வழி அச்சில் திறந்தே இருந்தது.

இந்த இரண்டாம் வழியின் உச்சம் எவரெட் கேரிசன் (1893–1975). நியூயார்க்கைச் சேர்ந்த பொறியாளரான இவர், ஹோல்டனிடமிருந்து இக்கலையில் ஊக்கம் பெற்றார். பாலங்களையும் உத்தரங்களையும் கணிக்கும் பொறியியல் முறையைக் கோலுக்குப் பயன்படுத்தி, ஒவ்வோர் ஐந்து அங்குலத்துக்கும் கோல் தாங்கும் தகைவைக் கணக்கிட்டார். அவருடைய முதுமையில் ஹோகி கார்மைக்கேல் என்பவர் அவரது பணியைப் படமாக்கியும் குறிப்பெடுத்தும் வந்தார். கேரிசன் மறைந்த பின், 1977இல் அவ்விருவர் பெயரிலும் மூங்கில் தூண்டிற்கோல் செய்முறை நூல் வெளிவந்தது. திருகாணிகளால் இடைவெளியை மாற்றத்தக்க இரண்டு எஃகுச் சட்டங்களின் நடுவே கீற்றை வைத்து இழைக்கும் முறை, அளவுகளுடன் அதில் விளக்கப்பட்டது. இன்றைய கோல் கைவினைஞர் பலருக்கு இந்நூலே முதல் ஆசான்.

இந்நூல் வெளிவந்தபோது மூங்கில் கோலின் வணிகம் பெரிதும் சுருங்கிவிட்டது என்பதையும் கருத வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோல்கள் மலிவாகக் கிடைத்தன. 1950 டிசம்பரில் சீனாவுடனான வணிகத்துக்கு அமெரிக்கா தடை விதித்ததால் டொங்கின் மூங்கிலின் வரவு நின்றது. 1971இல் தடை தளரும்வரை பட்டறைகள் தம் இருப்பைக் கொண்டே காலம் தள்ளின. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கரியிழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொழில் நலிந்த இக்காலத்தில்தான் அதன் அறிவு மிக விரிவாக எழுத்தில் பதிவாயிற்று.

3. ஒரு துப்பாக்கி, பல கைகள்

இரட்டைக்குழல் துப்பாக்கியின் இன்றைய வடிவம் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் உருவானது. பிரெஞ்சுக் கைவினைஞர் லெஃபோஷோ உருவாக்கிய, குழலின் பின்புறம் தோட்டா இடும் முறை 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் பிரிட்டனின் கவனத்தை ஈர்த்தது. 1875இல் பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி ஆகிய இருவரும் வெளியே தெரியும் குதிரை இல்லாத உட்பொறி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். இதில் துப்பாக்கியை மடித்துத் திறக்கும்போது குழலின் எடையே நெம்புகோலாகி விசையை ஏற்றிவிடும். 1880இல் பீஸ்லி உருவாக்கிய பொறியமைப்பைப் பர்டி நிறுவனம் பெற்றது. அதன் அடிப்படை வடிவம் இன்றும் அந்நிறுவனத்தில் தொடர்கிறது.

இத்துப்பாக்கி எந்தக் காலத்திலும் ஒருவர் வேலையாக இருந்ததில்லை. பர்மிங்ஹாமின் துப்பாக்கித் தொழிற்பகுதியில் குழல் பற்றவைப்போர், குழல் குடைவோர், பொறி அராவுவோர், கட்டை பொருத்துவோர், செதுக்கு வேலை செய்வோர், நிறமேற்றுவோர் எனத் தனித்தனிப் பிரிவினர் தத்தம் சிறு பட்டறைகளில் வேலை செய்தனர். ஒரு துப்பாக்கி பட்டறைக்குப் பட்டறை சென்று உருப்பெற்றது. ஒவ்வொருவரும் தம் பகுதியில் தேர்ந்தவர். முழுத் துப்பாக்கியையும் செய்ய அறிந்தவர் மிக அரிது. இறுதியில் அதன் மேல் பொறிக்கப்பட்டதோ விற்ற நிறுவனத்தின் பெயர் ஒன்றே.

டமாஸ்கஸ் குழல் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. இரும்பும் எஃகும் மாறி மாறி அடுக்கிய கம்பிகளை முறுக்கி, அவற்றைப் பட்டையாக்கி, உருளைத் தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவதே இம்முறை. அமிலத்தால் துலக்கும்போது இரும்பும் எஃகும் வெவ்வேறு நிறம் காட்டிச் சுருள்கோலம் தோன்றும். கல்கத்தா, டொங்கின் என்னும் பெயர்களைப் போலவே இதுவும் இடம் மாறிய பெயர். இக்குழல்கள் பெருமளவில் செய்யப்பட்ட இடங்களில் முதன்மையானது பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் இருந்த பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்கள், பெல்ஜியத்திலிருந்து வந்த இத்தகைய குழல்களில் தம் பெயரைப் பொறித்து விற்றன.

ஒரே படியாக வார்த்துக் குடைந்த எஃகுக் குழல்கள் வந்தபின் டமாஸ்கஸ் குழலின் தேவை குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெஸ்த்ர் பள்ளத்தாக்கில் அவ்வேலை நின்றுபோயிற்று. உலையின் நிறத்தையும் அடியின் ஓசையையும் கொண்டு வெப்பநிலையை அறிந்த கொல்லர்களின் அறிவில் பெரும்பகுதி அவர்களோடு மறைந்தது. அமெரிக்காவில் ஒரு குழலில் பல தோட்டாக்களைத் தொடர்ந்து சுடும் ஆலைத் துப்பாக்கிகள் பெருகியதும் இரட்டைக்குழலின் சந்தை சுருங்கியது. 1934இல் பார்க்கர் நிறுவனம் ரெமிங்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அத்துப்பாக்கியின் உற்பத்தி நின்றது.

4. சோதனை முத்திரை

மூங்கில் கோல் முறிந்தால் மீன் தப்பும். துப்பாக்கிக் குழல் வெடித்தால் அதைப் பிடித்திருப்பவரின் கை போகும். இந்த எளிய வேறுபாடு இரண்டு தொழில்களின் வரலாற்றையும் பிரித்தது. இலண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் குழுமம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பர்மிங்ஹாமில் குழல் சோதனைச் சாலை நிறுவப்பட்டது. இயல்பான அளவைவிட மிகுதியான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் முத்திரை இடுவது இவற்றின் பணி. பிரிட்டனில் செல்லத்தக்க முத்திரையின்றித் துப்பாக்கியை விற்பது குற்றம். அமெரிக்காவிலோ இத்தகைய கட்டாய அரசுச் சோதனை முறை இல்லை.

1860களில் தொடங்கிப் புகையற்ற மருந்து மெல்லப் பரவியபோது பழைய குழல்களின் நிலை சிக்கலாயிற்று. கருமருந்துக்காகச் சோதிக்கப்பட்ட குழல் புதிய மருந்தைத் தாங்குமா என்பது தனிச் சோதனைக்குரியது. தோட்டாவறையின் நீளமும் மாறியது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக அமைந்தவை. பிற்காலத்தில் 70 மில்லிமீட்டர் தோட்டா பரவியது. சுடாத நிலையில் மடிந்திருக்கும் நீண்ட தோட்டா பழைய அறையினுள் எளிதாக நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி, குழலின் குறுகிய பகுதியில் நெருங்கும், அழுத்தம் உயரும். பார்வைக்குப் பொருந்துவது பாதுகாப்பானது அன்று என்பதைச் சீரமைப்பாளர்கள் முதல் பாடமாகக் கொள்வதன் காரணம் இதுவே.

5. சீரமைப்பு என்னும் வாசிப்பு

பழைய துப்பாக்கியைச் சீரமைப்பவர் முதலில் அதைப் படிக்கிறார். குழலின் உள்விட்டத்தையும் சுவரின் தடிப்பையும் பல இடங்களில் அளந்து, முத்திரையில் உள்ள அளவோடு ஒப்பிடுகிறார். இடையில் எவரேனும் துருவை நீக்குவதற்காக உட்புறத்தைத் தேய்த்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும். குறித்த எல்லையைக் கடந்து தேய்ந்த குழலுக்குப் பழைய முத்திரை செல்லாது. குழலும் பின்முகமும் சேரும் இடத்தில் இடைவெளி தோன்றியிருந்தால், விளக்குப் புகைக்கரியை மெல்லப் பூசி மூடித் திறக்கிறார். கரி ஒட்டிய இடமே உண்மையில் தொடும் இடம். அதை மட்டும் அராவ வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தபின் கரி எங்கும் சீராக ஒட்டும். கட்டையைப் பொறியோடு பொருத்துவதற்கும் இதே முறைதான்.

அறியாமல் செய்யும் சீரமைப்பு அழிவாகவும் முடியும். இரண்டு குழல்களையும் அவற்றின் இடைப்பட்டையையும் பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் ஈயப் பற்றாசே சேர்த்துப் பிடிக்கிறது. புதுத் துப்பாக்கிகளுக்கு ஆலைகளில் கருநிறம் ஏற்றும் கொதிக்கும் கார உப்புக் கரைசலில் இதை இட்டால் பற்றாசு அரிக்கப்பட்டு, குழல்கள் பிரிந்துவிடும். ஆகவே குழலில் மெல்லிய துருவை வரவழைத்து, வெந்நீரில் இட்டு அதைக் கருமையாக்கி, தேய்த்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்யும் பழைய முறையே இதற்கு ஏற்றது. இங்குப் பழைய முறை பழமைப் பற்றினால் அன்றிப் பொருளின் அமைப்பால் தேவைப்படுகிறது.

மூங்கில் கோலின் சீரமைப்பும் இத்தகையதே. பழைய கோல்கள் வச்சிரத்தால் ஒட்டப்பட்டவை. வளைந்துபோன கோலை அனலில் காட்டி நிமிர்த்தலாம்; ஆனால் அதே அனல் வச்சிரத்தையும் இளக்கிவிடும். நூற்கட்டை அவிழ்க்குமுன் பட்டு நூலின் நிறத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் குறித்துக்கொள்வது வழக்கம். கைவினைஞர் யார் என்பதைப் பல கோல்களில் பெயரைவிட நூற்கட்டின் ஒழுங்கும் பூணின் வடிவமும் உறுதியாகக் காட்டுகின்றன. வார்னிஷ் முழுவதையும் சுரண்டிப் புதிதாகப் பூசினால் கோல் பளபளக்கும். அதன் சான்று மதிப்போ அழிந்துவிடும்.

இப்பணியின் வரலாற்றுப் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்புறத்தைப் பார்த்தால், வெளியே ஒருபோதும் தெரியாத இடத்தில் சோதனை முத்திரைகளோடு சில முதலெழுத்துகள் காணப்படுவது உண்டு. குழல் செய்தவரோ பொருத்தியவரோ இட்ட அடையாளங்கள் அவை. மேற்புறத்தில் நிறுவனத்தின் பெயர் அழகுற அமைந்திருக்க, அடிப்புறத்தில் தொழிலாளி இரண்டெழுத்தாக நிற்கிறார். மூங்கிலை வெட்டிச் சுமந்தவருக்கு அந்த இரண்டெழுத்தும் இல்லை. சுட்ட தழும்பு மட்டுமே அவருடைய கைக்குச் சான்று.

6. இருவகை மறுவாழ்வு

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில் இரண்டு தொழில்களின் பிற்கால வேறுபாட்டுக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, உழைப்பின் அமைப்பு. மூங்கில் கோலை ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை செய்ய இயலும். இழைப்புளி, எஃகுச் சட்டங்கள், நுண்ணளவி, வெப்பம் தரும் அமைப்பு, கட்டும் நூல் ஆகியவை ஒரு சிறு அறைக்குள் அடங்கும். துப்பாக்கியோ பல தொழில்களின் கூட்டு. அக்கூட்டில் குழல் பற்றவைப்போர் மறைந்தால், கட்டை பொருத்துவோரின் திறன் அவ்விடத்தை நிரப்ப இயலாது. சங்கிலியின் ஒரு கண்ணி அற்றபின் மீதமுள்ளவர்கள் பழைய குழலைக் காக்கலாம். புதிய டமாஸ்கஸ் குழலைப் பெற இயலாது.

இரண்டாவது, அறிவை எழுத்தில் வடிக்கும் வாய்ப்பு. கோலின் இயல்பைப் பெருமளவு அதன் தடிப்பின் படிநிலை தீர்மானிக்கிறது. அதை எண்களாக ஒரு தாளில் எழுதிவிடலாம். கைவினைஞர் மறைந்தாலும் அவருடைய கோலை ஐந்து அங்குலத்துக்கு ஒருமுறை அளந்து, வேறொருவர் அதே இயல்புள்ள கோலைச் செய்ய முடிகிறது. சீரமைப்புக்காக வந்த கோல்களை அளந்து பதிவு செய்த ஆர்வலர்கள் இதனால் ஓர் ஆவணத் தொகுதியையே உருவாக்கினர். புகைக்கரி ஒட்டும் தன்மையையும் உலை இரும்பின் நிறத்தையும் இவ்வாறு எண்களாக்குவது கடினம். அவை அருகில் நின்று கண்டு பழக வேண்டியவை.

மூன்றாவது, இடரும் சட்டமும். கோல் செய்யப் புதிதாக முயல்பவரின் முதல் பத்துக் கோல்கள் பிழையானால் மூங்கிலும் உழைப்புமே இழப்பு. பிழையான குழலை அவ்வாறு பயிற்சிக்கு விட முடியாது. துப்பாக்கி செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் உள்ள உரிமச் சட்டங்களும், சோதனை முறையும் நியாயமான காரணங்களுக்காகவே தனிமனித முயற்சியைக் கட்டுப்படுத்துகின்றன.

பொருளாதாரமே இந்த வேறுபாட்டுக்குப் போதிய காரணம் என வாதிடலாம். கையால் செய்த துப்பாக்கி மிக விலையுயர்ந்தது. எனவே வாங்குவோர் சிலர். எனவே செய்வோரும் சிலர் என்பது அவ்வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இலண்டனிலும், இத்தாலியின் கார்டோனேயிலும், ஸ்பெயினின் ஐபாரிலும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் அவை நிறுவனங்களுக்குள், பல தொழிலாளர்களின் கூட்டுழைப்பால் செய்யப்படுகின்றன என்பதே மேற்கூறிய முதற்காரணத்தை வலுப்படுத்துகிறது. சந்தை அறவே சுருங்கிய காலத்திலும் மூங்கில் கோல் தொழில் மறையாமல் இருந்தது. ஏனெனில் அது சந்தைக்கு வெளியே, ஓய்வுநேரத்தில் ஒருவர் தமக்காகச் செய்துகொள்ளும் அளவில் இருந்தது. விலை ஒரு காரணம். ஆனால் ஒருவரின் கைக்குள் அடங்கும் அளவே அடிப்படைக் காரணம்.

முடிவுரை

சாமுவேல் பிலிப்பின் பட்டறையில் ஒன்றாக இருந்த இரு கைத்திறன்கள் நூறாண்டுக்குப் பின் இரு வேறு நிலைகளை அடைந்தன. தனிமனித அளவில் அமைந்த, அளவுகளாக எழுதத்தக்க, பிழைக்கு இடந்தரும் தொழில், மறைந்துபோகும் நிலையிலிருந்து நூல்களின் வழியே மீண்டது. பலர் கூட்டில் அமைந்த, கையுணர்வையே நம்பிய, உயிரிடர் கொண்ட தொழிலில் சீரமைப்பே தனிமனிதருக்கு எஞ்சியது. அந்நிலையில் சீரமைப்பைப் புதிதாகச் செய்வதைவிடத் தாழ்ந்த பணி எனக் கருதுவது பொருந்தாது. இனி எவராலும் அதே முறையில் செய்யப்பட இயலாத ஒரு குழலைக் காப்பது, எஞ்சியுள்ள ஒரே படியைக் காப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு கைவினை நலிவதைக் கண்டபின் அதைப் பதிவு செய்ய முனைவோருக்கு இந்த ஒப்பீடு ஒரு செய்தியை உணர்த்துகிறது. பொருளைச் சேகரிப்பது மட்டும் போதாது. அதைச் செய்த கைகளின் வரிசையில் எந்தக் கண்ணி முதலில் அறும் என்பதை அறிந்து, அங்கிருந்து பதிவைத் தொடங்க வேண்டும். கார்மைக்கேல் கேரிசனின் அருகில் நின்றார். வெஸ்த்ர் பள்ளத்தாக்கின் கொல்லர்களுக்கு அவ்வாறு ஒருவர் வாய்த்திருந்தால் டமாஸ்கஸ் குழலின் வரலாறு வேறாக இருந்திருக்கக்கூடும்.

கல்கத்தா, டொங்கின், டமாஸ்கஸ் ஆகிய மூன்றும் வணிகம் சூட்டிய பெயர்கள். மூன்றுமே பொருள் பிறந்த இடத்தையும் அதை உருவாக்கியவரையும் மறைத்தன. இந்தியக் காடுகளிலிருந்து கல்கத்தா துறைமுகம்வரை மூங்கில் சென்ற வழியையும், அதை வெட்டியவர், சுட்டவர், சுமந்தவர் யார் என்பதையும் ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அமெரிக்கக் கோலின் வரலாற்றில் விடுபட்ட அப்பகுதியை இந்திய வன வரலாற்றின் துணையின்றி எழுத இயலாது.